நீலமோ வெள்ளையோ

"நீலமோ வெள்ளையோ, சாமி? நீங்கள்தான் சொல்லவேணும்."

வந்ததும் வராததுமாகத் தவமலர் இப்படித்தான் கேட்டாள். சாமிக்கு அவளைவிட இருபது வயது குறைவு. கடற்கரையில் ஒரு தகரக் கொட்டிலில் தனியாக இருக்கிறவர். வெள்ளிக்கு வெள்ளி அவர் முன்னால் கண்மூடி இருந்து தியானம் பழகுகிறவள் அவள்.

"எதைக் கேக்கிறியள், அம்மா?"

"என்ர பிள்ளை கேதீசனை ஆமி பிடிச்சுக்கொண்டு போகேக்க என்ன சட்டை போட்டிருந்தவன் எண்டு."

"நீங்கள் பக்கத்தில நிக்கேல்லையோ?"

"கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்."

பிள்ளை போய்ப் பதினைந்து வருசம். அதற்குள் ஏழு விசாரணைக்குழு வந்துவிட்டது. குழுவுக்குக் குழு ஆட்கள் மாறுவார்கள், கேள்வி மட்டும் மாறாது. முதலாவதில் நீலச் சட்டை என்று சொல்லியிருக்கிறாள். நேற்று ஏழாவதில் வெள்ளை என்றாள். எழுதிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"முன்னுக்குப் பின் முரண். நாளையிண்டைக்கு வந்து ஒண்டைச் சொல்லுங்கோ. இல்லாட்டி விசாரணைக் கோவையை மூடிப்போடுவம்."

பெற்றவளுக்கே பிள்ளையின் சட்டை தெரியவில்லையாம். அவன் பெயரில் இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது அந்தக் கோவை ஒன்றுதான்.

"அவனைப் பற்றிச் சொல்லுங்கோ," என்றார் சாமி.

"முறைப்பாட்டு இலக்கம் நானூற்றுப் பதினேழு," என்று தொடங்கிவிட்டாள். வாய் அப்படிப் பழகிப்போய்விட்டது.

சாமி அவள் மடியில் இருந்த கேதீசனின் படத்தை வாங்கிக் கவிழ்த்து வைத்தார். பள்ளிக்கூட அடையாள அட்டைக்கு எடுத்த மார்பளவுப் படம். அதைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு, தெருவோரப் போராட்டப் பந்தலில் வருசக்கணக்காக ஏந்திக்கொண்டு இருந்தவள் அவள்.

"கண்ணை மூடுங்கோ. குழுவை விடுங்கோ. பிள்ளையைக் கூப்பிடுங்கோ."

மூடினாள். கூப்பிட்டாள்.

"வாறானோ?"

"வந்திட்டான், சாமி." அவள் முகம் மலர்ந்தது.

"என்ன சட்டை?"

"வெள்ளை. பள்ளிக்கூடச் சட்டை."

"அவசரப்படாதேங்கோ. வாசல் படலையில இருந்து உங்களிட்ட நடந்து வரட்டும். வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ."

அவள் கை கவிழ்த்து வைத்த படத்தைத் தேடியது.

"நடக்கிறான் இல்லை, சாமி."

"ஏனம்மா?"

"நெஞ்சுக்குக் கீழ அவனுக்கு ஒண்டும் இல்லை."