உபதேசியார் சேர்த்த நாற்பது பேர்

மணல்விளைச் சபையில் பெண்களுக்கு வேதம் சொல்லிக்கொடுப்பவள் தெபோராள். வருஷம் முழுக்க நடையாய் நடந்தும் ஞானஸ்நானத்துக்கு மூன்று பேர்தான் சம்மதித்திருந்தார்கள். அவளுக்கு மேலே இருந்த பெரிய உபதேசியார் செல்லத்துரையோ ஒரே மாதத்தில் நாற்பது பேரைச் சேர்த்துவிட்டார்.

"நீயும் பண்டிகைக்குள்ள நாற்பது பேரைக் கொண்டா. இல்லன்னா வேலையை விட்டுரு" என்றார்.

அந்த நாற்பது பேர்மேல் தெபோராளுக்குச் சந்தேகம். எந்த ஊர் என்று கேட்டால் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.

ஞானஸ்நானம் கொடுக்க பிஷப் வந்தார்.

"போன மாசம்வரை இவங்களுக்கு இயேசு யாருன்னே தெரியாது ஐயா" என்றார் செல்லத்துரை.

பிஷப் தெபோராளைப் பார்த்தார். "உங்க பக்கம் ஏன்மா மூணே பேர்?"

"எனக்குச் சாமர்த்தியம் போதாது ஐயா. உபதேசியார் எப்படிப் படிச்சுக்கொடுத்திருக்கார்னு பார்த்துக் கத்துக்கிடுதேன்" என்றவள், ஞாயிறுதோறும் சபையார் எழுந்து நின்று சொல்லும் விசுவாசப் பிரமாணத்தின் முதல் வரியைச் சொன்னாள்.

அவ்வளவுதான். நாற்பது பேரும் எழுந்து, பீடத்தின் பக்கம் திரும்பி, ஆமென் வரைக்கும் தடங்கலில்லாமல் ஒப்பித்தார்கள்.

"என் ஆட்களுக்கு ரெண்டாவது வரியே இன்னும் தடுமாறுது ஐயா" என்றாள் தெபோராள்.

பிஷப் முன்வரிசைப் பெரியவரிடம் போனார். "உமக்கு எப்போ ஞானஸ்நானம் ஆச்சு?"

"கைக்குழந்தையா இருக்கும்போதே ஆயிட்டு ஐயா, பக்கத்துச் சபையில. உபதேசியார் என் மச்சான். வரச் சொன்னார், வந்தோம்."

அன்று மூன்று பேருக்கு ஞானஸ்நானம் நடந்தது.