ஐந்தாவது வாய்

அமெரிக்காவிலும் ஒரு சேலம் உண்டு. நம் சேலத்துக்கு மலை, அதற்குக் கடல். இருநூறு வருஷத்துக்கு முன்னே அங்கே ஹன்னா என்றொரு சித்திரக்காரி இருந்தாள். வெற்றிலை கனத்துக்குச் சீவிய தந்தத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு மனுஷ முகம் எழுதுவாள்.

அவளிடம் தொழில் கற்க வந்தவர் ஒபதியா. அவளைவிடப் பத்து வயசு மூத்தவர். அதுவரை சாராயக்கடைப் பலகை எழுதிப் பிழைத்தவர்.

"அம்மா, தந்தத்தில் சாயம் ஊறவே மாட்டேன் என்கிறதே. ஈர விரல் பட்டால் போச்சு. கடைவாசலில் நான் எழுதின சேவல் பத்து வருஷமா மழையில் நிற்கிறது. நிற்காத வேலையை எதுக்குச் செய்யணும்?"

"சேவல் நல்லாத்தான் இருக்கு" என்றாள் ஹன்னா.

அன்றைக்கு ரூத் வந்தாள். அவள் புருஷன் மாலுமி. கப்பலோடு கடலில் மூழ்கிப் போய் இரண்டு வருஷம். கழுத்துப் பதக்கத்தைத் திறந்தாள். உள்ளே, ஹன்னா முன்பு எழுதிய அவன் முகம். கண் இருந்தது, மூக்கு இருந்தது, வாய் இல்லை. மேலிருந்த கண்ணாடி உடைந்தபின், தினம் முத்தம் கொடுத்தே கரைத்திருந்தாள்.

"வாயை மட்டும் எழுதித் தரணும்மா."

"எனக்கு ஞாபகமில்லையே. ஒபதியா, நீங்க கேட்டுக் கேட்டு எழுதுங்க."

எழுதினார்.

"இவ்வளவு தடிப்பில்லை."

துடைத்துவிட்டு எழுதினார்.

"சிரிச்சா இடப்பக்கம் கொஞ்சம் இழுக்கும்."

மறுபடி துடைத்தார். ஐந்தாவது வாய் அவருக்கே பிடித்துப்போனது.

"இதுதானேம்மா?"

ரூத் அழுதுவிட்டாள். "தெரியலையே ஐயா! வரும்போது நல்லா ஞாபகமிருந்தது. நீங்க எழுத எழுத, அவர் வாய் எனக்கு மறந்துகிட்டே வருது."

ஒபதியா தூரிகையைக் கீழே வைத்துவிட்டார். ஹன்னா ஈரத் தூரிகையை எடுத்தாள். ஒரே இழுப்பு. வாய் இருந்த இடத்தில் வெறும் தந்தம்.

ரூத் அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடு, அவளுக்கே தெரியாமல், இடப்பக்கமாக இழுத்துக்கொண்டது.

"வந்துட்டார்" என்றாள்.

பதக்கத்தை மூடி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

ஒபதியா வாசலுக்கு ஓடினார். "அம்மா, கண்ணாடி போட மறந்துட்டோமே! நாளைக்கு மூக்கும் போயிடும், கண்ணும் போயிடும். கூப்பிடட்டுமா?"

"உட்காருங்க ஒபதியா" என்றாள் ஹன்னா, தூரிகையை அலசிக்கொண்டே. "கண்ணாடிக்கா அவ முத்தம் கொடுப்பா?"