முள்ளைப் பார்க்காத மணி

குற்றால மலையடிவாரத்து மடத்தில் சீடர் தாண்டவராயருக்கு ஒரே ஆசைதான். வருகிறவர்களுக்குத் தானும் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். குரு ஞானாம்பிகை அம்மாளைவிட வயதில் மூத்தவர் வேறு. செல்வம் நிலையாமை, இளமை நிலையாமை, யாக்கை நிலையாமை என்று வரிசையாகத் தயார் செய்து, அணில்களிடம்கூடப் பேசிப் பார்த்துவிட்டார். பாவம், அணில்கள்.

"எப்பம்மா உத்தரவு தருவீங்க?"

அம்மாள் சுவரைக் காட்டினார். பக்தர் ஒருவர் கொடுத்த பழைய ஜெர்மன் கடிகாரம். முள் நாலில் நிற்க, மணி ஒன்பது அடித்தது.

"இது ஏன் இப்படின்னு கண்டுபிடிங்க. அப்புறம் உட்காருங்க."

கொஞ்ச நேரத்தில் மடமே அதிர ஒரு கூச்சல்.

"அம்மா, ஓடியாங்க! பிடிச்சிட்டேன்!"

அம்மாளும் ஓடினார். கடிகாரம் உள்ளே தெரியத் திறந்து கிடந்தது.

"முள்ளு எங்க நிக்குதுன்னு மணிக்குத் தெரியவே தெரியாதும்மா! இந்தச் சக்கரத்தைப் பாருங்க, ஓரமெல்லாம் வெட்டு. வெட்டுக்கு வெட்டு தூரம் கூடிட்டே போகுது. கொக்கி அடுத்த வெட்டுல விழுற வரைக்கும் அடிக்கும். முன்னால எட்டு அடிச்சதா, இப்ப ஒன்பது. அவ்வளவுதான்!"

"முள்ளு ஒண்ணுமே சொல்லாதா?"

"அடின்னு தட்டிவிடும். எத்தனைன்னு சொல்லாது!"

"அட கள்ளப் பயலே!" என்று அம்மாள் கடிகாரத்தைக் கொஞ்சினார்.

தாண்டவராயர் கொக்கியைத் தூக்கத் தூக்க, மணி பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று அடித்துத் தீர்த்து, மறுபடி ஒன்றில் தொடங்கி நாலுக்கு வந்தது. இருவரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி கைதட்டினார்கள்.

"உட்காருங்க" என்றார் அம்மாள்.

தாண்டவராயருக்குத் தலைகால் புரியவில்லை. முதலில் ஒரு வியாபாரி வந்தார், செல்வம் நிலையாமை. அடுத்து ஒரு வாலிபன், இளமை நிலையாமை. இரண்டும் அச்சாகப் பொருந்தியதில் அவருக்கு ஒரே குஷி. கண்ணை மூடிக்கொண்டார்.

மூன்றாவதாக ஒரு பெண் மூச்சிரைக்க ஓடிவந்தாள். கண்ணில் நீர், கையில் லட்டுப் பொட்டலம்.

"சாமி, என் மகன்..."

"அழாதே தாயி. யாக்கை நிலையில்லாதது. வந்த உயிர் போய்த்தானே ஆகணும்?"

"ஐயோ, வாயைக் கழுவுங்க சாமி! காணாமப் போனவன் இப்பத்தான் வீடு வந்து சேர்ந்திருக்கான்!"

தாண்டவராயர் அவமானத்தில் குன்றிப்போய்க் குருவைப் பார்த்தார். "எங்கம்மா தப்பு? வரிசை சரியாத்தானே வந்துச்சு?"

அம்மாள் அந்தப் பெண்ணிடம் ஒரு லட்டு வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

"வரிசை சரிதான், ஐயா. இவங்க முகத்துல மணி எத்தனை?"