சிவப்புக் கோடு

பனிமலைக்குக் கீழே, ஆற்றை ஒட்டி ஒரு சின்ன ஊர். பாலத்துத் தூணில் சிவப்புக் கோடு ஒன்று உண்டு. தண்ணீர் அந்தக் கோடு வரை ஏறினால் மாதா கோயில் மணியை அடிக்க வேண்டும். ஊர் மேட்டுக்கு ஓடிவிடும். மணிக்காரர் அலோயிஸ்.

பனி உருகுகிற மாதம். ஒரு மத்தியானம் ஆறு மளமளவென்று வடிந்துபோனது. இரைச்சல் அடங்கி, பாறையெல்லாம் வெளியே தெரிந்தது. பாறை இடுக்கில் எக்கச்சக்கமாய் ஒதுங்கிய விறகு. விடுவார்களா? ஊரே கூடையோடு இறங்கியது.

"என்ன மணிக்காரரே, இன்னைக்கு உமக்கு லீவா?" என்று கீழேயிருந்து கத்தினார்கள்.

மணிக்கூண்டிலிருந்து அலோயிஸும் சிரித்தார்.

மேலே மலை சரிந்து ஆற்றை அடைத்திருந்தது யாருக்கும் தெரியாது. அடைப்பு உடைந்ததும் தண்ணீர் சுவர்போல வந்தது. மணிக் கயிற்றைத் தொடக்கூட நேரமில்லை. பதினோரு பேர் போனார்கள். அதில் ஒருத்தி அவர் மகள் ரெகுலா.

யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. ஊர்ச்சபை கூடிப் பேசியது. சிவப்புக் கோடு ஒரு சாண் கீழே இறங்கியது. அவ்வளவுதான்.

பதினாறாம் நாள் அலோயிஸ் மணிக்கூண்டுச் சாவியோடு மேட்டுக் குடிசைக்கு ஏறினார். அங்கே தனியாய் ஜெபத்தில் இருப்பவள் வெரேனா, அவருடைய குரு. அவரைவிட இருபது வயது சின்னவள். மகள் வயசுக்காரியிடம் பாடம் கேட்கப் போகிறார் என்று ஊர் கேலி பேசும். வெள்ளத்தில் தாய் போன கைக்குழந்தை ஒன்று இப்போது அவளிடம் இருந்தது. தொட்டிலில் கிடந்து வீறிட்டது.

சாவியை மேசைமேல் வைத்தார்.

"தண்ணி கோடு வரைக்கும் ஏறவே இல்லம்மா. கண்ணெடுக்காமப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். என் மேல தப்பு இருக்கா? அதை மட்டும் சொல்லுங்க."

"விறகு பிளக்கணும் அண்ணே. கொஞ்சம் புள்ளையப் பாத்துக்குங்க."

கோடரியோடு வெளியே போய்விட்டாள்.

தொட்டிலை ஆட்டினார். அழுகை நின்றபாடில்லை.

"அம்மா, அழுவுது!"

"அழட்டும்." கோடரிச் சத்தம் நிற்கவில்லை.

ஒருவழியாய்க் குழந்தை ஓய்ந்தது. அப்பாடா என்று சன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

கதவு படாரென்று திறந்தது. வெரேனா கையில் கோடரி இல்லை. தொட்டிலுக்குப் பாய்ந்தாள். குழந்தை உதைத்த உதையில் போர்வை மூக்கையும் வாயையும் மூடிக் கிடந்தது. உருவி எறிந்தாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. முதுகில் தட்டினாள். மறுபடி தட்டினாள். குழந்தை வீறிட்டது.

அலோயிஸ் எழுந்து வந்தார்.

"அத்தனை நேரம் கத்துச்சே, அப்ப நீங்க வரலையே அம்மா?"

"கத்துனப்ப உசிரோட இருக்குன்னு தெரிஞ்சுதே அண்ணே."

கீழே ஆறு இரைந்துகொண்டிருந்தது. வெயில் சாயும்வரை அலோயிஸ் அதையே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இறங்கும்போது சாவி அவர் கையில் இருந்தது.