மறதிக்கார மந்திரியும் அறுபது பெயர்களும்

முன்னொரு காலத்தில், மலைகள் சூழ்ந்த நீலம்பாடி நாட்டை மருதவர்மன் என்ற ராஜா ஆண்டு வந்தான். நல்லவன்தான். ஆனால் ஒரு நேரம் மழை, ஒரு நேரம் வெயில் என்கிற குணம். எதையும் மனதில் வைத்துக்கொள்ளும் பழக்கம் அவனுக்குக் கிடையாது. எடுத்துச் சொல்லத்தான் பக்கத்தில் எப்போதும் யாராவது இருந்தார்களே!

அந்த வருஷம் எதிரிப் படை கணவாய் வழியாக உள்ளே புகப் பார்த்தது. ராஜா சொல்லி அனுப்ப, மலைக்குடிகள் கணவாயில் நின்று தடுத்தார்கள். நாடு பிழைத்தது. மலையில் அறுபது பேர் வீடு திரும்பவில்லை.

போர் ஓய்ந்ததும் மலைக்குடித் தலைவி கொற்றி சபைக்கு வந்தாள். அந்த அறுபதில் அவள் மகனும் ஒருவன்.

"ராஜா, போருக்கு அனுப்பினவன் வாயால பேரைச் சொன்னாத்தான் செத்தவனுக்கு நாங்க நடுகல் நடுவோம். ஓலையைப் பாக்கக் கூடாது. பக்கத்துல நின்னு யாரும் எடுத்துக் கொடுக்கவும் கூடாது. அறுப்பு முடிஞ்சு வர்ற பௌர்ணமிக்கு மலைக்கு வா."

"சொல்ல முடியாமல் போனால்?"

"அறுபது பேரும் கல் இல்லாமக் கிடப்பாங்க. அடுத்த தடவை ஆள் கேட்டு நீ வர வேண்டாம்."

சபையில் திரிவிக்கிரமர் என்றொரு அவதானி இருந்தார். ஒரு முறை கேட்டதை அட்சரம் பிசகாமல் ஒப்பிப்பார். மந்திரி வேள்கூத்தரைக் கண்டால் மட்டும் அவருக்கு ஆகவே ஆகாது. மந்திரி வாய் திறக்கும் முன் அவர் எழுந்துவிட்டார்.

"அரசே, இது ஒரு பெரிய காரியமா? கொற்றி பெயர்களைச் சொல்லட்டும், அடியேன் ராகம் போட்டு ஓதுகிறேன். தாங்கள் சாய்ந்தபடி கேட்டால் போதும், தானே பதியும்."

அப்படியே நடந்தது. சாயங்காலத்துக்குள் ஒவ்வொரு பெயரும் ராஜாவுக்குப் பழகிய பெயராகவே பட்டது. "வந்துவிட்டது!" என்று குதூகலித்து, கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் கொடுத்தான். மறுநாள் குளிக்கும்போது தனியாகச் சொல்லிப் பார்த்தான். நாலு பெயர் வந்தது. அப்புறம் வெறும் இருட்டு. மறுபடி ஓதினார். மாலையில் எல்லாம் இருந்தது. காலையில் ஒன்றும் இல்லை.

"மலைப் பெயர்கள் கரடுமுரடு அரசே. ராஜ நாவில் ஒட்டாது" என்றார் திரிவிக்கிரமர்.

ராஜாவுக்குக் கொற்றியின் முகம் கண்ணெதிரே வந்து நின்றது. மந்திரியைக் கூப்பிட்டான்.

"ஓதுவதை நிறுத்தச் சொல்லுங்கள்" என்றார் வேள்கூத்தர். "முதலில் நான் கற்றுக்கொள்கிறேன். வயசான மண்டை. தாங்கள்தான் திருத்த வேண்டும்."

இதென்ன கூத்து என்று ராஜா சிரித்தான். மந்திரி மலைக்குடிகளிடம் கேட்டு வந்து, ஒரு நாளைக்குச் சிலரைப் பற்றி மட்டும் பேசினார். பூங்கன் தேன் எடுப்பவன். உதிரன் ஆடு தொலைந்தால் வாசனை பிடித்தே கண்டுபிடிப்பவன். சடையனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பேசிவிட்டுப் போய்விடுவார். பிறகு ராஜா குதிரைக்குக் கொள்ளு ஊட்டும்போது எங்கிருந்தோ வந்து நிற்பார்.

"அரசே, அந்தத் தேன் எடுக்கிறவன் உதிரன்தானே?"

"உதிரன் இல்லை ஐயா! அவன்... அவன்..."

"எனக்கும் நினைவில்லை. யோசித்துப் பாருங்கள்."

"பூங்கன்!"

"அட, ஆமாம்" என்று போய்விடுவார். முடிந்தது என்று ராஜா நினைத்திருப்பான். ரெண்டு நாள் கழித்து, அதே பெயரை மந்திரி மறுபடி தப்பாகச் சொல்லிக்கொண்டு வருவார்.

"மந்திரிக்குப் புத்தி மழுங்கிவிட்டது. நாடு தாங்குமா?" என்று திரிவிக்கிரமர் ராஜாவின் காதில் ஓதினார். ராஜாவுக்கும் பொறுமை போயிற்று.

"மந்திரியாரே! பௌர்ணமி கழிந்ததும் நீர் பதவியில் இருக்க வேண்டாம்."

"உத்தரவு" என்று வணங்கினார் வேள்கூத்தர். "அந்த இரட்டையரில் மூத்தவன் மாக்காளையா, கொங்கனா?"

"கொங்கன்!" என்று கத்தினான் ராஜா.

அன்று மத்தியானம் இலையில் தேன் வைத்தார்கள். தொடப்போன ராஜாவின் கை நின்றது. இதை இனிமேல் யார் எடுப்பார்கள் என்று தோன்றியது. சாப்பிடாமல் எழுந்துவிட்டான்.

பௌர்ணமி அன்று காலையில் ராஜா செருப்பில்லாமல் மலையேறினான். மந்திரியும் அவதானியும் பின்னால் போனார்கள். அம்மாக்களும் பெண்டாட்டிமார்களும் உட்கார்ந்திருந்தார்கள். கற்கள் படுக்க வைத்திருந்தன. ஒவ்வொரு பெயராகச் சொல்ல, ஒவ்வொரு கல்லாக நிமிர்ந்தது. பாதிக்கு மேல் வந்ததும் வாய் நின்றுவிட்டது. திரிவிக்கிரமர் உதட்டை அசைத்தார். மந்திரி அவர் தோளை அழுத்தினார்.

"பொறும். தேடட்டும்."

ராஜா கண்ணை மூடினான். நடக்க முடியாத அப்பனை முதுகில் சுமந்து திருவிழா காட்டியவன்... "தும்பன்" என்றான். கூட்டத்தின் ஓரத்தில் ஒரு கிழவர் விம்மினார். அறுபதாவது கல்லும் நிமிர்ந்தது.

திரும்பும் முன் திரிவிக்கிரமர் முன்னால் வந்தார். "அடியேன் ஓதிய பலன், அரசே!"

"அப்படியா? தும்பன் யார்?"

"முப்பத்தேழாவது பெயர்."

"அவ்வளவுதானா?" என்றான் ராஜா. "நீர் இங்கேயே இரும். வீடு வீடாகப் போய் அவர்கள் யார் என்று கேளும். தெரிந்த பிறகு அரண்மனைக்கு வாரும்." அவதானியின் தலை கவிழ்ந்தது.

பிறகு மந்திரியிடம் கேட்டான். "உமக்கு ஒரு பெயராவது மறந்ததா?"

"தப்பாகச் சொல்லவே சரியானது தெரிந்திருக்க வேண்டுமே, அரசே. நான் எடுத்துக் கொடுத்தால் அது என்னுடையது. தாங்கள் தேடி எடுத்தது தங்களுடையது."

ராஜா தன் மோதிரத்தைக் கழற்றி அவர் விரலில் போட்டான். "பதவி உம்முடையதே. வேறென்ன வேண்டும்?"

"வருஷா வருஷம் வந்து சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் போய்விடும்."

ராஜா ஒரு வருஷமும் தவறவில்லை. கடைசிக் காலத்தில் தன் பட்டப்பெயர்களே அவனுக்கு மறந்துபோயின. மலைக்குப் பல்லக்கில்தான் தூக்கி வந்தார்கள். அந்த வருஷம் ஒரு பெயரில் வெகுநேரம் நின்றான். மலையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை, ஒருவரும் எழுந்தும் போகவில்லை. வெயில் ஏறிற்று. குழந்தைகளும் சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தன.

பெயர் வந்தது.