சங்கம் ஓய்வெடுத்த நாள்

வேலங்கோட்டையை ஆண்ட சேந்தமாறருக்கு எதையும் கண்ணால் பார்த்தால்தான் நம்பிக்கை வரும். நெல் விளைந்தது என்றால் கதிரைக் கொண்டுவரச் சொல்வார். பல்வலி என்று விடுப்புக் கேட்டால் பல்லைக் காட்டச் சொல்வார். இந்தக் குணத்தால் ஒருமுறை அறுபது குடும்பங்களின் பிழைப்பே போகப் பார்த்தது.

கோட்டையின் கிழக்கு வாசலுக்கு வெளியே, வாய்க்காலைத் தாண்டினால் மேட்டுப்பேட்டை. ஒரு காலத்தில் அங்கே நாலைந்து கடைகளும் நிறையச் சேறும் இருந்தன. செக்கு வைத்திருந்த ஆவுடையம்மாள்தான் கடைக்காரர்களைக் கூட்டி ஒரு வணிகர் சங்கம் தொடங்கினார். சங்கம் வாய்க்காலுக்கு மரப்பாலம் போட்டது. மாடுகளுக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டியது. எல்லாக் கடைக்கும் முத்திரை போட்ட ஒரே அளவுப் படி வைத்தது. புதிதாகத் தொழில் தொடங்க வந்தவர்களுக்கு ஒரு கொட்டகை போட்டு, ஆறு மாதம் இருந்துகொள்ளச் சொன்னது. பத்து வருடத்தில் அங்கே அறுபது கடைகள் வந்துவிட்டன.

கோட்டைக்குள் இருந்த அங்காடியின் தலைவர் உலகநாதருக்கு இது பிடிக்கவில்லை. நேராக அரசரிடம் போனார்.

"அரசே, வெளியே சங்கம் என்று ஒன்று கூடுகிறது."

"கூடி என்ன செய்கிறது?"

"இன்றைக்கு மாட்டுக்குத் தண்ணீர் வைப்பதைப் பற்றிப் பேசுகிறது. நாளைக்கு ராஜ்யத்தைப் பற்றிப் பேசும்."

அரசர் மீசையைத் தடவினார். "அந்தச் சங்கத்தை நீர் பார்த்திருக்கிறீரா?"

"கடை தெரிகிறது. கடைக்காரர் தெரிகிறார். சங்கம் என்று எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. இல்லாத ஒன்றுக்குக் கொட்டகை எதற்கு? எனக்குக் கொடுத்தால் சரக்கு அடுக்கிக்கொள்வேன்."

அரசருக்கு இது நியாயமாகப் பட்டது. சபையில் யோசனை சொல்லும் வேலை பார்த்த திருமலைக்கொழுந்தைக் கூப்பிட்டார்.

"கொழுந்து, வெள்ளிக்கிழமை அந்தச் சங்கத்தை எனக்குக் காட்டும். கடையைக் காட்டி இதுதான் என்று சொல்லக் கூடாது. ஆளைக் காட்டியும் சொல்லக் கூடாது. காட்ட முடியாவிட்டால் சங்கத்தைக் கலைத்துவிட்டுக் கொட்டகையை உலகநாதரிடம் கொடுத்துவிடும்."

"உத்தரவு" என்றார் கொழுந்து.

சேதி கேட்ட ஆவுடையம்மாள் செக்கு மாட்டை நிறுத்தினார். "கொட்டகையில ஏழு குடும்பம் இருக்கு, ஐயா. அதுல ஒரு கொல்லரு பட்டறை போட்டு ரெண்டு மாசம்தான் ஆகுது. அவங்களை எங்க போகச் சொல்றது?" அழவில்லை. துடைத்த கையையே திரும்பத் திரும்ப முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளிக்கிழமை சந்தை நாள்தானே, அம்மா?"

"ஆமா."

"அன்றைக்குச் சங்கம் ஓய்வெடுக்கட்டும்."

"கடையடைப்பா?"

"வேண்டாம். கடையெல்லாம் திறந்திருக்கட்டும். சங்கம் பார்க்கிற வேலை மட்டும் நிற்கட்டும்."

ஆவுடையம்மாள் யோசித்தார். "அப்படி ஒரு நாள் இதுவரைக்கும் இருந்ததில்லையே. என்ன ஆகும்னு எனக்கே தெரியாது."

"எனக்கும் தெரியாது. அரசரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்."

வெள்ளிக்கிழமை காலை அரசர் பல்லக்கில் புறப்பட்டார். கொழுந்தும் உலகநாதரும் கூடவே நடந்தார்கள். பல்லக்கு பாலத்தருகே நின்றுவிட்டது. மற்ற நாட்களில் பாலத்தின் இரு முனையிலும் சங்கத்து ஆள் நின்று, ஒரு பக்கத்து வண்டிகளை நிறுத்தி மறுபக்கத்து வண்டிகளை விடுவார். அன்று யாரும் இல்லை. பாலத்தின் நடுவே ஓர் உப்பு வண்டியும் ஒரு வைக்கோல் வண்டியும் எதிரெதிரே நின்றன. இரண்டு வண்டிக்காரர்களும் தான்தான் முதலில் ஏறியதாகச் சொன்னார்கள். பின்னால் இரு பக்கமும் முப்பது வண்டிகள். தொட்டியில் தண்ணீர் இல்லாததால் மாடுகள் கத்திக்கொண்டிருந்தன.

அரசர் இறங்கி, வைக்கோல் வண்டியை ஒட்டி உடம்பைச் சுருக்கிக்கொண்டு பாலத்தைக் கடந்தார். கிரீடத்தில் கொஞ்சம் வைக்கோல் ஒட்டியிருந்தது. யாரும் அதைச் சொல்லவில்லை.

அறுபது கடையும் திறந்திருந்தன. கயிற்றுக்கடைக்காரரிடம் அரசர் கேட்டார்: "வியாபாரம் எப்படி?"

"கடை திறந்திருக்கு, மகாராஜா."

பக்கத்துக் கடையில் ஒரு பெண்ணும் தானியக்காரரும் ஆளுக்கொரு படியை வைத்துக்கொண்டு சண்டை போட்டார்கள். முத்திரைப் படிகள் கொட்டகையில் பூட்டிக் கிடந்தன.

"இவர் படி சின்னது, மகாராஜா."

"இந்தம்மா படிதான் பெருசு, மகாராஜா."

அரசர் இரண்டு படிகளையும் வெகுநேரம் பார்த்தார். "ஆலோசித்துச் சொல்கிறேன்" என்று நகர்ந்தார்.

அப்போது உலகநாதர் பாலத்தை எட்டிப் பார்த்து முகம் வெளுத்தார். "மூன்றாவதாக நிற்பது என் வண்டி. கடைக்கு வெற்றிலை வருகிறது. வெயிலில் வாடிப் போகும்."

"உமக்கும் இந்தப் பாலத்தில்தான் சரக்கு வருகிறதா?" என்றார் அரசர்.

"வேறு பாலம் இல்லையே, அரசே." உலகநாதர் ஆவுடையம்மாளிடம் ஓடினார். "அம்மா, பாலத்துக்கு ரெண்டு ஆள் அனுப்புங்க."

"சங்கத்து ஆளுங்கதான் அதுக்குப் போவாங்க, ஐயா. சங்கம்தான் உங்க கண்ணுல படலையாமே."

அரசர் கொழுந்தின் பக்கம் திரும்பினார். "கடையைப் பார்த்தேன். ஆட்களையும் பார்த்தேன். சங்கம் எங்கே?"

"காலையிலிருந்து இங்கே எது இல்லையோ, அதுதான் சங்கம், அரசே."

அரசர் பாலத்தைப் பார்த்தார். வற்றிய தொட்டியைப் பார்த்தார். "சரி, பார்த்துவிட்டேன்" என்றார்.

ஆவுடையம்மாள் தலையசைத்தார். இரண்டு பேர் பாலத்துக்குப் போனார்கள். வைக்கோல் வண்டி பின்வாங்கியது. உப்பு நகர்ந்தது, வெற்றிலையும் வந்து சேர்ந்தது. சங்கமும் கொட்டகையும் அப்படியே இருக்கும் என்றும், அரண்மனைச் செலவில் இரண்டாவது பாலம் போடப்படும் என்றும் அரசர் அங்கேயே உத்தரவிட்டார். கோட்டைக்குள்ளும் இப்படி ஒரு சங்கம் வேண்டும் என்றார். எப்படி நடத்துவது என்று உலகநாதர் கேட்டதற்கு, ஆவுடையம்மாளிடம் கற்றுக்கொள்ளச் சொன்னார்.

திரும்பும் வழியில் அரசருக்கு ஒரு யோசனை வந்தது.

"கொழுந்து, நானும் ஒருநாள் ஓய்வெடுத்தால் என்ன? என் அருமையும் ஜனங்களுக்குத் தெரியுமே."

கொழுந்து கிரீடத்தில் ஒட்டியிருந்த வைக்கோலை ஒருமுறை பார்த்தார்.

"அதை மட்டும் சோதித்துப் பார்க்க வேண்டாம், அரசே."

அரசர் பெருமையாக மீசையைத் தடவிக்கொண்டார். கோட்டை வாசலைத் தாண்டியதும் அந்தப் பதிலின் இன்னொரு பொருள் உறைக்க, மீசையிலிருந்து கையை எடுத்தார். அரண்மனைப் படியேறும்போதுதான் சிரிக்க ஆரம்பித்தார். சாயங்காலம் கொழுந்தின் வீட்டுக்கு ஒரு பட்டுச் சால்வை போய்ச் சேர்ந்தது.