கூனிப்பாரில் இரண்டு வானிலை

கூனிப்பார் என்று கடலுக்குள் ஒரு பவளப்பாறை இருந்தது. அதற்குத் தெற்கே ஆழ்கடல். வடக்கே முழங்கால் அளவுத் தண்ணீர். தெற்கிலிருந்து வரும் அலை ஒவ்வொன்றும் அந்தப் பாறையின் கூன் முதுகில் தடுக்கி விழுந்து, நுரை கக்கி, அதன் பிறகுதான் கரைக்குப் போகும்.

அந்தப் பாறைப் பொந்தில் வண்ணமுத்து என்ற பேய்க்கணவாய் வசித்தது. அதற்குக் கைகள் எட்டு, இதயங்கள் மூன்று. எலும்பு மட்டும் ஒன்றுகூடக் கிடையாது. கூனிப்பாருக்கு வானிலை சொல்வது அதன் வேலை. எட்டுக் கைகளையும் பாறைமேல் விரித்து வைத்தால் போதும். எந்தக் காற்று எங்கே கிளம்பியது, எந்த அலை எப்போது வரும் என்பதெல்லாம் அதற்குத் தெரிந்துவிடும்.

தெரிந்து என்ன பயன்? தெரிந்ததைச் சொல்ல வேண்டுமே!

வண்ணமுத்துவிடம் ஒரு பலவீனம் இருந்தது. யார் முகம் வாடினாலும் அதற்குத் தாங்காது. வானிலை கேட்டு யாராவது வந்தால் முதலில் அவர் முகத்தைப் பார்க்கும். அவருக்கு எது பிடிக்கும் என்று கண்டுபிடிக்கும். உடனே அதன் உடம்பு அதற்கேற்ற நிறத்துக்கு மாறிவிடும். வாயும் கூடவே மாறிவிடும். பாவம், மறுத்துப் பேச ஒரு எலும்பாவது வேண்டாமா?

"நாளைக்கு மேகம் வருமா?" என்று ஆமை கேட்கும். "வந்துக்கிட்டே இருக்கு" என்று வண்ணமுத்து சொல்லும். மறுநாள் ஆமையின் முதுகு வெயிலில் வேகும். "மேகம் வராட்டி என்ன, வாய் நிறையச் சொன்னாரே" என்று ஆமையும் சந்தோஷமாகப் போய்விடும்.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பார்கள். கடலில் இருப்பவனுக்கு உப்புக்கும் பஞ்சமில்லை, தண்ணீருக்கும் பஞ்சமில்லை. ஆகவே வண்ணமுத்து அந்தப் பழமொழிக்குப் பயந்ததே இல்லை.

கோடை முடியப்போகும் நேரம். ஒரு நாள் காலை, காற்று என்பதே இல்லை. வானம் பளிச்சென்று இருந்தது. கடல், தட்டில் ஊற்றிய எண்ணெய் போல அசையாமல் கிடந்தது.

ஆனால் வண்ணமுத்துவின் எட்டுக் கைகளும் குறுகுறுத்தன. வெகு தெற்கே எங்கேயோ ஒரு புயல் அடித்து ஓய்ந்திருந்தது. அந்தப் புயல் தான் வராமல், தன் அலைகளை மட்டும் இங்கே அனுப்பியிருந்தது. காற்றும் இல்லாமல் மழையும் இல்லாமல் சொல்லாமல் கொள்ளாமல் எழும்பும் கடல் அது. கரையில் அதைக் கள்ளக்கடல் என்பார்கள்.

"நாளை மதியம் வந்துவிடும்" என்று வண்ணமுத்து தனக்குள் சொல்லிக்கொண்டது.

அப்போது நீலாயி என்ற நண்டு மூச்சு வாங்கிக்கொண்டு பக்கவாட்டில் நடந்து வந்தது.

"தம்பி வண்ணமுத்து, இருக்கியாப்பா?"

"வாங்கக்கா. என்ன இப்படி இளைக்குது?"

"ஓடு இறுக்குதுடா. கண்ணு ரெண்டும் வெளிய தெறிச்சிரும் போல இருக்கு. இன்னைக்கே கழட்டிப் போட்டுரலாம்னு பாக்குறேன்."

நண்டு வளர வேண்டுமானால் பழைய ஓட்டைக் கழற்றத்தான் வேண்டும். புது ஓடு இறுகச் சில நாள் ஆகும். அதுவரை நண்டின் உடம்பு ஆப்பத்தின் நடுப்பகுதி மாதிரி மெத்தென்று இருக்கும். அந்த நேரத்தில் ஓர் அலை தூக்கிப் பாறையில் அடித்தால் கதை முடிந்தது. அதனால் வானிலை கேட்காமல் எந்த நண்டும் ஓட்டில் கை வைக்காது.

"உள்பக்கப் பொந்துல எல்லாம் விலாங்கு குடியிருக்கு" என்றது நீலாயி. "வெளிப்பக்கக் குழிதான் எனக்குத் தோது. அங்க அலை வருமா, வராதா? வரும்னா சொல்லு, நாலு நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துக்கிறேன்."

வண்ணமுத்து வாயைத் திறந்தது. 'வரும்' என்ற சொல் அலகு நுனி வரை வந்துவிட்டது. அப்போது பார்த்து அது நீலாயியின் முகத்தைப் பார்த்துத் தொலைத்தது. வலியில் அந்த முகம் சுருங்கிப்போயிருந்தது.

வண்ணமுத்துவின் உடம்பு தானாக வெள்ளை வெளேரென்று மாறியது.

"வராதுக்கா. இந்த வாரம் பூரா கடல் தூங்கும். நிம்மதியா கழட்டுங்க."

நீலாயியின் முகம் மலர்ந்தது. "நல்ல வாய்டா உனக்கு" என்று சொல்லிவிட்டுப் போனது.

வண்ணமுத்துவின் ஓர் இதயம் சுருக்கென்றது. 'அக்கா எவ்வளவு சந்தோஷமாகப் போகிறாள், பார்' என்று மற்ற இரண்டு இதயங்களும் அதைச் சமாதானப்படுத்திவிட்டன.

மதியத்துக்குமேல் குதிப்பன் வந்தான். அவன் ஓங்கில் கூட்டத்தின் தலைவன். ஓங்கில் என்றால், பள்ளிக்கூடப் புத்தகத்தில் டால்பின் என்று போட்டிருக்குமே, அதுதான். கூனிப்பாரில் அலை உடையும்போது அதன் முதுகில் சறுக்கி விளையாடுவதைவிட அந்தக் கூட்டத்துக்குப் பெரிய காரியம் உலகத்தில் கிடையாது.

"அண்ணாச்சி, கோடை பூரா உருப்படியா ஒரு அலை இல்ல. பயலுவ எல்லாம் தின்னு தின்னு பெருத்துப் போய்க் கிடக்கானுவ. அலை உண்டா?"

வண்ணமுத்து அவன் முகத்தைப் பார்த்தது. உடம்பு கருநீலமாக மாறியது.

"நாளைக்கு மதியம் வருது. ஒவ்வொண்ணும் பனை உயரம். சொந்தபந்தம் எல்லாரையும் கூட்டிட்டு வா."

இது உண்மைதான். ஆனால் அதற்காக வண்ணமுத்துவை மெச்ச வேண்டாம். குதிப்பனுக்குப் பிடித்ததும் உண்மையும் அன்றைக்குத் தற்செயலாக ஒன்றாக இருந்தன, அவ்வளவுதான்.

மறுநாள் மதியம் நெருங்கும்போது ஓங்கில் கூட்டம் விசிலடித்துக்கொண்டு கூனிப்பாருக்கு வந்து இறங்கியது. பாறையின் வெளிப்பக்கக் குழி வாசலில் நீலாயி அசையாமல் நிற்பதைக் குதிப்பன் பார்த்தான்.

"என்னக்கா, நீங்களும் அலை பாக்க வந்தீங்களா?"

பதில் இல்லை.

"என்னக்கா, நம்ம மேல கோபமா?"

"அது என் பழைய ஓடுடா" என்று குழிக்குள்ளிருந்து குரல் வந்தது. "நான் இங்க இருக்கேன். என்னமோ அலைன்னியே, என்ன அலை?"

"பனை உயரத்துக்கு வருதாம். வண்ணமுத்து அண்ணாச்சிதான் சொன்னாரு."

"எந்த வண்ணமுத்து?"

"எத்தனை வண்ணமுத்து இருக்காங்க? எட்டுக் கை வண்ணமுத்துதான்."

கூனிப்பாரே அதிரும்படி, "டேய் வண்ணமுத்து!" என்று நீலாயி கத்தியது. உடம்புதான் மெத்தென்று இருந்தது. தொண்டை பழைய தொண்டைதான்.

வண்ணமுத்து பாறை நிறத்தில் பாறையோடு பாறையாக ஊர்ந்து வந்தது. ஆனாலும் பிடிபட்டுவிட்டது. இடது பக்கம் குழிக்குள் நீலாயி. வலது பக்கம் குதிப்பன்.

"தம்பி, அலை வருமா?" என்றது நீலாயி. வண்ணமுத்து வெள்ளையானது.

"அண்ணாச்சி, அலை வருமா?" என்றான் குதிப்பன். வண்ணமுத்து கருநீலமானது.

"சொல்லு!" என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

வண்ணமுத்துவின் இடது பாதி வெள்ளையாகவும் வலது பாதி கருநீலமாகவும் போய்விட்டது. நெற்றி நடுவில் கோடு கிழித்தாற்போல எல்லை தெரிந்தது. அலையில் சறுக்க வந்த ஓங்கில்கள் அலையை மறந்து அதையே வேடிக்கை பார்த்தன.

"அது வந்து... குதிப்பன் நிக்கிற பக்கம் அலை வரும். அக்கா இருக்கிற பக்கம் வராது" என்றது வண்ணமுத்து. இரண்டு பக்கத்துக்கும் நடுவே இருந்த தூரம் அதன் ஒரு கை நீளம்கூட இல்லை.

"அண்ணாச்சி, விளையாடாதீங்க" என்றான் குதிப்பன். "நாங்க வரும்போதே ஆழத்துல எங்களைத் தூக்கித் தூக்கிப் போட்டுது. பின்னாலயே வந்துக்கிட்டிருக்கு."

அவன் சொல்லி முடிப்பதற்குள் குழியிலிருந்த தண்ணீர் மெல்லத் தெற்கே இழுபட்டது. பெரிய அலை வருவதற்கு முன்னால் கடல் மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டது.

நீலாயி திட்டவில்லை. தவழ்ந்து வெளியே வந்து, வாசலில் கிடந்த பழைய ஓட்டுக்குள் திரும்ப நுழையப் பார்த்தது. ஒரு கால் நுழைந்தது. மற்ற கால்கள் நுழையவில்லை.

"உள்ள போக முடியல தம்பி" என்றது. "நீ சொன்னியேன்னுதான் கழட்டினேன்."

வண்ணமுத்துவின் வெள்ளையும் போயிற்று, கருநீலமும் போயிற்று. சேறும் சாம்பலும் கலந்தாற்போல ஒரு நிறம் மிஞ்சியது. அதுதான் அதன் சொந்த நிறம். கூனிப்பாரில் அதுவரை யாரும் அதைப் பார்த்ததில்லை.

"அக்கா, அலை வருது. நேத்தே எனக்குத் தெரியும். பொய் சொல்லிட்டேன்."

"தெரிஞ்சேவா சொன்ன?"

வண்ணமுத்து நீலாயியைக் குழிக்குள் இழுத்துக்கொண்டது. நான்கு கைகளால் அதைப் பஞ்சுபோலச் சுற்றிக்கொண்டது. மற்ற நான்கு கைகளையும் பாறையில் ஒட்டிக்கொண்டு, தன் உடம்பாலேயே குழியின் வாயை அடைத்தது. எலும்பில்லாத உடம்பு அன்றைக்கு ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்பட்டது.

முதல் அலை வந்து இறங்கியது. வாசலில் இருந்த பழைய ஓடு தூள் தூளாயிற்று. வண்ணமுத்துவின் முதுகில் விழுந்த அடி மூன்று இதயங்களுக்கும் கேட்டது.

கள்ளக்கடலில் ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடைவெளி அதிகம். அந்த இடைவெளியில் ஓர் இறால் தன் மீசை முழுவதையும் நீவி முடித்துவிடலாம். நீலாயி அந்த இடைவெளியைக் கொஞ்சமும் வீணாக்கவில்லை.

"நீயெல்லாம் ஒரு வானிலைக்காரனா?"

தடார் என்று ஓர் அலை.

"நாலு நாள் பொறுத்திருப்பேனேடா, பாவி!"

தடார் என்று இன்னொன்று.

"முதுகு ரொம்ப வலிக்குதாடா?"

"இல்லக்கா."

"மறுபடியும் பொய்யா?"

"வலிக்குதுக்கா. உயிர் போகுது."

வெளியே ஓங்கில் கூட்டம் ஒவ்வோர் அலைக்கும் விசிலடித்துக் கூத்தாடியது. உள்ளே ஒவ்வோர் அலைக்கும் ஓர் அடியும் ஒரு வசவும் விழுந்தன. கடல் ஒருவழியாக அடங்கியபோது வண்ணமுத்துவின் ஒரு கை நுனியைக் காணவில்லை. நீலாயி மட்டும் வைத்தது வைத்தபடி இருந்தது.

புது ஓடு இறுகியதும் நீலாயி முதல் வேலையாக வண்ணமுத்துவின் பொந்துக்குப் போனது. புதுக் கொடுக்கால் அதன் கையில் நறுக்கென்று ஒரு கிள்ளு வைத்தது. "இது நீ சொன்ன பொய்க்கு" என்றது. பிறகு மற்றக் கொடுக்கால் அதன் தலையைத் தடவிக் கொடுத்தது. "இது நீ என்னைப் பிடிச்சுக்கிட்டதுக்கு" என்றது. தடவியதும் வலிக்கத்தான் செய்தது.

அன்றிலிருந்து வண்ணமுத்து ஒரு வழக்கத்தை வைத்துக்கொண்டது. யார் வானிலை கேட்டு வந்தாலும், முதலில் இரண்டு கைகளால் தன் கண்களைப் பொத்திக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் வாயைத் திறக்கும்.

"மேகம் வருமா?"

"வராது. முதுகு வேகும்."

"நாளைக்கு அலை உண்டா அண்ணாச்சி?"

"இல்ல."

"சின்னதா ஒண்ணு?"

"சொட்டுகூட இல்ல."

எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். ஆமை இரண்டு நாள் பேசவே இல்லை. ஆனால் பொந்து வாசலில் வரிசை முன்பைவிட நீளமாகத்தான் நின்றது.

மறுபடியும் நீலாயிக்கு ஓடு இறுக்கும் காலம் வந்தது. கடல் மறுபடியும் எண்ணெய்போல அசையாமல் கிடந்தது. மறுபடியும் வண்ணமுத்துவின் கைகள் குறுகுறுத்தன.

"தம்பி, ஓடு இறுக்குதுடா. இன்னைக்குக் கழட்டட்டுமா?"

வண்ணமுத்து அவசரமாகக் கண்களைப் பொத்திக்கொண்டது. "வேண்டாம்க்கா. நாலு நாள் பொறுங்க. அலை வருது."

"முடியலடா. வலி உயிர் போகுது."

அந்தக் குரலைக் கேட்டு மூன்று இதயங்களும் ஒன்றாகச் சுருக்கென்றன. ஆனாலும் கண்களைப் பொத்திய கைகள் விலகவில்லை.

"வலிக்கும்க்கா" என்றது வண்ணமுத்து. "ஆனா உயிர் போகாது."

நீலாயி அதைத் திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போனது. மறுநாள் அலை வந்து பாறையை அடித்தது. ஓட்டோடு இருந்த நீலாயி உள்பக்கத்து மணலில் உட்கார்ந்து, அலையையும் சேர்த்துத் திட்டிக்கொண்டிருந்தது. கடல் அடங்கிய பிறகுதான் ஓட்டைக் கழற்றியது.

கேட்பவர் முகம் பார்த்துச் சொல்லும் இனிப்பான பொய்யைவிட, கண்ணைப் பொத்திக்கொண்டாவது சொல்லும் கசப்பான உண்மையே உயிரைக் காக்கும்.